குழிமேல் ஒரு நாற்காலி

எங்கள் தெருவில் எனக்குத் தெரியாமல் ஒரு கொசுகூட யாரையும் கடிக்காது. யார் தலையில் இருப்பது சொந்த முடி, எந்த மாப்பிள்ளை மாமியாருக்குப் பயந்து மாடியிலேயே இருக்கிறார், எல்லாம் எனக்கு அத்துப்படி. போன மாதம் மேயரே போன் செய்து என்னிடம் ஊர் நிலவரம் கேட்டார். சரி, மேயர் இல்லை. யாரோ தவறான எண்ணைச் சுற்றிவிட்டார். ஆனாலும் வைப்பதற்குள் நிலவரம் கேட்டுக்கொண்டுதான் வைத்தார். கண், காது, மூக்கு வைத்துச் சொல்வது என் பிறவிக் குணம். தையல் அக்கா விஷயத்தில் மட்டும் அதற்கு இடமே இல்லை. நடந்ததே மூக்கும் முழியுமாகத்தான் நடந்தது.

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற சின்ன அறைதான் அவள் கடை. இதை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பக்கத்தில் மிஷின் கடகடவென்று ஏதோ ஒரு சிவப்புத் துணியைத் தின்றுகொண்டிருக்கிறது. அவள் புதிதாக எதுவும் தைப்பதில்லை. பழசைப் பிடிப்பாள், பிரிப்பாள், ஏற்றுவாள், இறக்குவாள். நாங்கள் ஊதியதும் வற்றியதும் டாக்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். எழுபதைத் தாண்டியவருக்கும் அவள் அக்காதான். எனக்கும் அக்காதான் என்றால் பாருங்களேன்.

அவள் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். சர்க்கரை நோய் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. உலகமே அவருக்கு ஆவி படிந்த கண்ணாடி. அதில் சிவப்பு மட்டும் இன்னும் கரையாமல் நிற்கிறது. தெருக்கோடிப் பட்டறையில் அட்டைப்பெட்டி மடிக்கிறார். அந்த வேலைக்குக் கை இருந்தால் போதும். காலையில் தனியாகப் போவார், சாயங்காலம் தனியாகத் திரும்புவார். "கூட வரட்டுமா?" என்று அக்கா கேட்டால், "கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற அன்னிக்கே நான் படுத்துடுவேன். தனியா நடக்கற வரைக்கும்தான் நான் ஆளு" என்பார்.

அப்படி இருக்கையில்தான் ஒரு குப்பை லாரி ஏறி, எங்கள் வாசலுக்கு நேர் எதிரே இருந்த சாக்கடைக் குழியின் மூடி நொறுங்கியது. ஆள் முழுதாக உள்ளே போகிற வாய்.

அக்கா அன்றே நகராட்சிக்குப் போன் செய்தாள். "ஆள் வருவாங்க" என்றார்கள். மறுபடி செய்தாள். "அதான் வருவாங்கன்னு சொன்னமே" என்றார்கள். தனி ஆளாகப் போனால் மதிக்கமாட்டார்கள், பத்துப் பேராகப் போய் நிற்போம் என்று வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"கண்டிப்பா வரேன்கா. நாளைக்கு மட்டும் வேணாம்" என்றார் முதல் மாடி வங்கி அதிகாரி. நாளைக்கு மட்டும் என்பது அவருக்குத் தினமும் வந்தது.

"போராட்டம்னாலே எனக்கு உயிர். முட்டிதான் ஒத்துழைக்கல" என்றார் அவர் மாமியார். அந்த முட்டி தள்ளுபடி விற்பனைக்கு மட்டும் ஓடும்.

குடியிருப்பின் போன் குழுவில் அக்கா செய்தி போட்டாள். கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. அத்தனை கையில் நிஜக் கை ஒன்று வந்திருந்தால் போதும்.

கடைசியில் தன் கடையில் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, நாலு காலும் விளிம்பில் பதியக் குழிமேல் நிறுத்தினாள்.

"சிவப்பு தெரிஞ்சா வலது பக்கமா ஒதுங்கிடுங்க."

"நீ போட்ட கோட்டை என்னிக்கு நான் தாண்டியிருக்கேன்?" என்றார் அவர்.

அந்த நாற்காலிதான் வினையானது. எல்லாருக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா, பிரச்சனை தீர்ந்துச்சு" என்றார் வங்கி அதிகாரி. கொஞ்ச நாளில் அதன் கைப்பிடியில் குடை காய்ந்தது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் "சிவப்பு நாற்காலி தாண்டி வாங்க" என்று வழி சொன்னோம். குழி என்ற சொல்லே தெருவில் வழக்கொழிந்து போனது. அக்கா ஒருத்திதான் நகராட்சிக்குப் போன் செய்துகொண்டே இருந்தாள்.

மூன்றாவது மாடியில் ஒரு பேராசிரியர் இருக்கிறார். ஓய்வு பெற்றுவிட்டார், அவருடைய தொண்டை பெறவில்லை. விழிப்பு மன்றம் என்று ஒன்று நடத்துகிறார். 'அலட்சியத்தை வெல்வோம்' என்று தரைத்தளக் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார். டிவிக்காரர்கள் வருவதாகப் பேச்சு. அக்கா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, நம்ம வாசல் குழியையும் பேசணும்யா."

"தாராளமா. நீங்களே பேசுங்க. சாமானியரோட குரல்னு ஒரு பகுதி வச்சிருக்கேன்."

டிவி என்றதும் குடியிருப்பே அவள் கடையில் வந்து நின்றது. இடுப்பைப் பிடி, கையைக் குறை, போன வருஷக் கோட்டில் இந்த வருஷத் தொப்பையை நுழை. நகராட்சிக்கு வர நேரமில்லாதவர்கள் அளவு கொடுக்க மட்டும் அரைமணி நின்றார்கள். வாசலில் கட்டுகிற துணிப் பதாகையையும் அவள்தான் ஓரம் அடித்தாள். "காத்துல கிழியாம இருக்கணும்" என்று இரட்டைத் தையல் போட்டாள்.

கூட்டத்தன்று கூடம் நிரம்பி வழிந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி போதாமல் யார் யாரோ உள்ளேயும் வெளியேயும் ஓடினார்கள். பேராசிரியரின் கோட்டுக்குக் கடைசிப் பொத்தான் வைத்துக் கொடுத்துவிட்டு, அக்கா தன் கடையிலிருந்து உள்வழியாகவே கூடத்துக்கு வந்தாள். வாசல் பக்கம் அவள் போகவில்லை. போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சிறப்பு விருந்தினர் பேசினார். அலட்சியம் ஒரு நோய் என்றார். கைதட்டினோம். அடுத்த வீட்டுக்காரன் பெயர்கூடத் தெரியாமல் வாழ்கிறோம் என்றார். அடுத்தவரைப் பார்க்காமலே கைதட்டினோம். பிறகு பேராசிரியர், "இப்போது சாமானியரின் குரல்" என்று அக்காவை அழைத்தார்.

மேடை ஏறினாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. மைக்கைப் பிடித்தாள். வணக்கம் சொல்லத் திறந்த வாய் அப்படியே நின்றது. அவள் கண் சிறப்பு விருந்தினர்மேல் இருந்தது. இல்லை, அவருக்குக் கீழே இருந்தது.

அவர் உட்கார்ந்திருந்தது அந்தச் சிவப்பு நாற்காலி.

"இந்த நாற்காலிய யாரு எடுத்தது?" என்றாள்.

கூடம் படபடவென்று கைதட்டியது. பேச்சின் ஆரம்பம் என்று நினைத்துவிட்டார்கள்! "ஆகா, எடுப்பு பிரமாதம்" என்று என் பக்கத்தில் வங்கி அதிகாரி சிலிர்த்தார்.

"ஐயோ, அவரு வர்ற நேரம்யா! இதை யாருய்யா எடுத்தது?"

இன்னும் பலமாகக் கைதட்டல். மைக்கைப் போட்டுவிட்டு அவள் மேடையிலிருந்து குதித்தாள். அந்தக் கணம்தான் வெளியே சத்தம் கேட்டது. கனமான ஏதோ சரிகிற சத்தம், பின்னாலேயே ஒரு மனிதக் குரல். கூடத்தில் அத்தனை பேருக்கும் கேட்டது, சத்தியமாகக் கேட்டது. ஒவ்வொரு தலையும் வாசல் பக்கம் திரும்பியது. திரும்பிய தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. யாராவது போவார்கள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். பேராசிரியர் மைக்கை எடுத்தார்.

"சகோதரி உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. நாம நிகழ்ச்சிய தொடரலாம்."

  தலை திரும்பிய அத்தனை பேரும் மறுபடி மேடையைப் பார்க்கத் தொடங்கியதை என் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கும் சோற்றில் கை வைக்கும்போது அந்தக் கழுத்துகள் திரும்பிய விதம் ஞாபகம் வந்து கை நின்றுவிடுகிறது.

நான் வெளியே போனபோது அவர் மார்புவரை குழிக்குள் இருந்தார். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்திருந்தார். ஒரு கால் உள்ளே மடங்கிச் சிக்கியிருந்தது. "சிவப்பு தெரியலியே, சிவப்பு தெரியலியே" என்று அதையே சொன்னார். அக்கா வாசலில் கட்டியிருந்த பதாகையை ஒரே இழுப்பில் பிய்த்தெடுத்து அவர் அக்குளுக்கு அடியில் கொடுத்தாள். அதற்குள் விஷயம் புரிந்து, கூடத்திலிருந்து நூறு பேர் திமுதிமுவென்று ஓடிவந்தார்கள். அலட்சியத்தை வெல்வோம் ஒரு முனையில், நாங்கள் மறுமுனையில். தேர் இழுக்கிற மாதிரி இழுத்தோம். இரட்டைத் தையல் தாங்கியது. மறுநாள் தெருவே திரண்டு நகராட்சி வாசலில் உட்கார்ந்தது. சாயங்காலத்துக்குள் புத்தம்புது இரும்பு மூடி வந்து இறங்கியது.

இதுவரைக்கும் எழுதியதை அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மிஷின் நின்றது.

"நூறு பேரா? எங்கேம்மா?"

"ஏன்கா, கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்."

"நானு, நீங்க, பார்சல் கொடுக்க வந்த ஒருத்தரு. நீங்களும் இழுக்கல, என் இடுப்பப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு கத்தினீங்க."

"கத்தறதும் ஒரு கைதான்."

"சரி, அத விடுங்க. மூடி எப்பம்மா வந்துச்சு?"

நான் எழுதிய தாளை மெல்ல மடித்தேன்.

"வாசல எட்டிப் பாருங்க. சிவப்பு நாற்காலி காலு அந்த விருந்தாளி எழுந்திருக்கும்போதே உடைஞ்சு போச்சு. பேராசிரியரு குழிமேல புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டுட்டாரு, அதுல மன்றத்து பேரும் எழுதியிருக்கு. எல்லாரும் மறுபடி குடை காயப்போடறாங்க. அது நீலம்மா. அவருக்கு நீலம் தெரியாது. கால்ல போட்ட கட்டு பிரிச்சாச்சு, திங்கக்கிழமையிலேருந்து தனியாத்தான் போவேன்னு நிக்கிறாரு." அவள் அந்தச் சிவப்புத் துணியை உதறி விரித்தாள். "யாருக்கு கவுன் தைக்கறேன்னு காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருக்கீங்களே, கவுன் இல்லம்மா. அந்த நாற்காலிக்கு உறை."