மரியதாஸ் சுட்ட மண்கோழி

செவ்வாய்க்கிழமை காலை மெட்ரோவில் போய்க்கொண்டிருந்தபோது மரியதாஸின் மகள் நிர்மலா அழைத்தாள். "ஆன்ட்டி, அப்பா போயிட்டாங்க" என்றாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அழுகைக்கு முன்னால் ஞாபகம் வந்தது ஒரு கோழி. மரியதாஸோடு வேலை பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

பதினெட்டு ஆண்டுகள் ஒரே வங்கிக் கிளையில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மேஜை. திருநெல்வேலிக்காரர், யோசிக்கும் முன்பே பேசிவிடுவார். மகள் நிர்மலா ஒரு பஞ்சாபிப் பையனை விரும்பினாள். பையனின் அப்பா சோப்ரா போனில், உங்கள் வீட்டில் இட்லி சாம்பார்தானே என்று கேட்டுவிட்டார். இவர் உடனே, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், முழுக்கோழியைக் களிமண்ணில் பொதிந்து சுட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார். அதை வீடியோவில் பார்த்ததோடு சரி.

"மேடம், வாய் முந்திட்டு. இனி அந்தக் கோழிதான் மானத்தக் காப்பாத்தணும்" என்று என்னிடம் வந்தார். ஜனக்புரியில் எங்கள் வீட்டுக்கு மொட்டை மாடி உண்டு. நான் சைவம் என்று நினைவுபடுத்தினேன். "நீங்க திங்காண்டாம், தீய மட்டும் பாத்துக்கிடுங்க" என்றார்.

அகல் விளக்கு செய்யும் குயவரிடம் களிமண் வாங்கினார். என்ன சிலை செய்யப்போகிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, கோழி என்றாராம். மசாலா தடவி, வாழையிலையில் சுற்றி, மண் பூசி, கரி நெருப்பில் மூன்று மணி நேரம். சோப்ரா வந்தபோது அது செங்கல்லாகியிருந்தது. மரியதாஸ் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. சோப்ரா கோட்டைக் கழற்றிவிட்டு ஓங்கி ஒரு போடு போட்டார். உருண்டை நழுவி, திறந்திருந்த கதவு வழியாகப் படிக்கட்டில் உருண்டது. இரண்டு பேரும் பின்னாலேயே ஓடினார்கள். திருப்பத்தில் அது சுவரில் மோதி விண்டது. வாசனை கட்டடம் முழுக்கப் பரவியது. இலை கிழியவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து பிய்க்க ஆரம்பித்தார்கள்.

உப்பே இல்லையே என்றார் சோப்ரா. மண்ணில் சுடும்போது உப்புப் போடுவதில்லை, எங்கள் பக்கத்து வழக்கம் என்று மரியதாஸ் கூசாமல் இந்தியில் சொன்னார். சோப்ரா மரியாதையோடு தலையாட்டினார்.

ஒரு நிமிடம் ஆகியிருக்கும். மரியதாஸ் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். பொய் சொல்லிவிட்டேன், உப்புப் போட மறந்துவிட்டேன், என் பெண் வாழப்போகிற வீட்டில் முதல் பேச்சே பொய்யாக இருக்கக்கூடாது என்றார். மேல்படியில் நின்ற நிர்மலா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். சோப்ரா இன்னொரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். பிறகு புரையேறும்வரை சிரித்தார். முதலில் உப்பு வரட்டும், அப்புறம் கல்யாணத் தேதி பேசலாம் என்றார். உப்பு கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

நானும் பொய் சொல்கிறவள்தான், இப்போதும் சொல்கிறேன். ஆனால் ஒரு நிமிடத்துக்கு மேல் அதை வைத்துக்கொள்ள முடிவதில்லை. அது மரியதாஸிடமிருந்து ஒட்டிக்கொண்டது.