குறுக்காக இழுத்த கயிறு

அந்த எண்ணம் வந்தபோது நான் இடுப்புவரை பனிக்குள் நின்றேன். எனக்கு முன்னால் அரைவாசி புதைந்துபோன ஒரு ஸ்னோமொபைல், பனியில் ஓடும் வண்டி. பக்கத்தில் என் அக்காவின் கணவர், என் அத்தான், என்னைப் பார்க்க விருப்பமில்லாமல் ஒரு பேர்ச் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அந்த மரத்தைப் பார்த்தேன். வண்டியின் மூக்குக்கு நேரே, பதினைந்து இருபது அடி தள்ளி நின்றது. சட்டென்று முதலாம் ஆண்டு பொறியியல் வகுப்பில் பார்த்த ஒரு படம் ஞாபகம் வந்தது. இரண்டு முளைகளுக்கு நடுவே இறுகக் கட்டிய கயிறு. அதன் நடுவில் குறுக்காக ஒரு சின்ன அம்புக்குறி. கயிறு எவ்வளவுக்கு நேராக இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தச் சின்ன அம்பு இரண்டு முனைகளையும் பல மடங்கு பலத்தோடு இழுக்கும். பரீட்சையில் அந்தக் கணக்கைச் சரியாகச் செய்திருந்தேன். அதை வைத்து உலகத்தில் எதையாவது இழுக்கலாம் என்று மட்டும் அதுவரை தோன்றியதே இல்லை.

"அத்தான், கயிறு கிடக்கெல்லோ?"

"கயிறு கிடக்கு. இழுக்கிறதுக்கு இருவது பேர் எங்க கிடக்கு?"

நியாயமான கேள்விதான். அது எங்கள் பழைய மாணவர் சங்கத்துக் கோடைகால விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுக்கும் கயிறு. கைத்தடிமன். சங்கத்தில் ஒருவருடைய நிலவறையிலும் இடமில்லை என்று, விளையாட்டுக் குழுவில் இளையவளான என் தலையில் கட்டினார்கள். நான் அதை அத்தானின் காரில் போட்டேன். ஓகஸ்டிலிருந்து அது பின்பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

மணி அப்போது ஒன்றரை. அத்தானுக்கு ஐந்து மணிக்கு டோர்வல் விமான நிலையத்தில் வேலை. விமானத்திலிருந்து வரும் பெட்டிகளை இறக்கும் பிரிவு. இரண்டு குளிர்காலம் துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் கொள்கலன் இறக்கி இடுப்பு ஒடிந்தபின் கிடைத்த வேலை அது. மூன்று மாதம் பரீட்சார்த்தமாக எடுத்திருந்தார்கள். முடிய இன்னும் ஒன்பது நாள். ஏற்கெனவே ஒருமுறை, பனிப்புயல் அன்று, பிந்திப் போயிருந்தார். இன்னொரு தரம் பிந்தினால் வரவேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். நாங்கள் நின்ற இடமோ மொன்றியலுக்கு வடக்கே, காரில் ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேலே. கார் நின்ற குடிசைக்கு நடந்து போகலாமா என்றால், நான் இருபது அடி நடந்து பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் தொடைவரை புதைந்தது. இறுகிய பாதையைத் தொட்டாலும் அங்கிருந்து இரண்டு மணித்தியால நடை. கைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. வண்டி கிளம்பினால் பத்து நிமிடத்தில் காரடியில் நிற்போம். கிளம்பாவிட்டால் அத்தானின் வேலை போய்விடும்.

அவரை இழுத்து வந்ததும் நான்தான். அத்தானோடு வேலை செய்யும் கியூபெக்காரர் ஒருவருக்கு அங்கே மலைப்பக்கம் ஒரு குடிசையும் பழைய ஸ்னோமொபைல் ஒன்றும் இருந்தன. ஒருநாள் வந்து ஓடிப் பாருங்கள் என்று அவர் வாய்ப்பேச்சுக்குச் சொன்னதை, நான் மூன்று கிழமையாக விடாமல் அத்தானின் காதில் ஓதினேன். "மத்தியானத்துக்குள்ள திரும்பிரலாம் அத்தான், சத்தியமா."

காலையில் போய் இறங்கியதும் அந்த மனிதர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பத்து நிமிடம் பிரெஞ்சில் விளக்கினார். அத்தானுக்கு பிரெஞ்சு அவ்வளவாக ஓடாது. எங்கள் வீட்டில் வைத்தியரிடம், வீட்டுக்காரரிடம், பள்ளிக்கூடத்தில் எல்லாம் பெரியவர்களுக்காகக் கேட்டுச் சொல்வது நான்தான். எட்டு வயதிலிருந்தே அதுதான் என் வேலை. அன்றைக்கும் அத்தான் என் முகத்தைப் பார்த்தார். எனக்கோ வண்டியில் ஏற அவசரம்.

"என்னவாம்?"

"கவனமா ஓடட்டாம்."

அவ்வளவுதான் நான் சொன்னது.

வண்டியின் பின்தட்டில் அவர் பனி தோண்டும் ஒரு சின்ன அலுமினியச் சவளைக் கட்டி வைத்திருந்தார். அக்கா தந்துவிட்ட சாப்பாடு அந்தத் தட்டில் கொள்ளவில்லை. பெரிய சட்டியில் புட்டும் கோழிக்கறியும், சூடு போகாமல் நாற்பது இறாத்தல் பாஸ்மதி அரிசிப் பைக்குள் சுற்றியது. அவர் உள்ளே போனதும் நான் சவளைக் கழற்றிக் குடிசை வாசலில் சாத்திவிட்டுச் சட்டியை ஏற்றினேன். காரில் கிடந்த கயிற்றையும் இருக்கைக்குப் பின்னால் சுருட்டி வைத்தோம். கயிறு உண்டா என்று அந்த மனிதரே கேட்டு, வாங்கிப் பார்த்துத் தலையாட்டிய ஒரே சாமான் அது.

பாதை இறுகிக் கிடந்தவரை ஓட்டம் சுகமாகத்தான் இருந்தது. வலப்பக்கம் மரங்களுக்கு நடுவே, ஒரு தடமும் படாத வெள்ளை வெளியைக் கண்டேன். திருப்பினேன். ஐம்பது அறுபது அடி உள்ளே போய், படம் எடுப்பதற்காக நிறுத்தினேன். அதுதான் பிழை. நிறுத்தியதும் வண்டி மெல்ல, பெருமூச்சு விடுவதுபோல, இறங்கியது.

"இறங்கு, நான் எடுக்கிறன்" என்றார் அத்தான். "வயலுக்க மெசின் புதைஞ்சா நான்தானே எடுக்கிற." மட்டக்களப்பில் கை உழவு இயந்திரத்தோடு வளர்ந்தவர். சேற்றில் புதைந்தால் விசையைக் குறைக்கக் கூடாது என்பது அவருடைய பாடம். பெருவிரலால் விசையை முழுதாக அழுத்தினார். வண்டிக்குக் கீழே சுழலும் ரப்பர் பட்டி பனியைக் கிண்டிப் பின்னால் எறிந்தது. வண்டி முன்னால் போகவில்லை, கீழே போனது.

"சாக்கு இருந்தா எடு!"

சாக்கு இல்லை, பாஸ்மதிப் பை இருந்தது. உழவு இயந்திரத்தின் சில்லுக்குக் கீழே சாக்குப் போடுவதுபோல, பட்டியின் முன்பக்கம் செருகினோம். ஒரே இழுவையில் பட்டி அதை விழுங்கிச் சுற்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. இயந்திரத்தை நிறுத்தி, வண்டிச் சாவியைக் கழற்றி என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வீட்டுச் சாவியால் பிளாஸ்டிக் இழைகளை அறுத்து அறுத்து இழுத்தோம். முக்கால் மணி நேரம் அதிலேயே போயிற்று. கடைசி இழை வந்ததும் அத்தான் நிமிர்ந்தார். அப்போதுதான் அந்தப் பேர்ச் மரத்தைப் பார்த்தார். நான் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். இருபது பேருக்கு எங்கே போவது என்றவர் அடுத்துக் கேட்டது கயிற்றைப் பற்றி அல்ல.

"புள்ள, அந்த மனுசன் பத்து நிமிசம் கதைச்சது. நீ 'கவனமா ஓடட்டாம்' எண்டாய். மிச்சம் என்னகா?"

நான் வண்டியின் இருக்கையில் கிடந்த பனியைத் தட்டினேன்.

"மிச்சம்... இதுதான் அத்தான்."

"எது?"

"புதைஞ்சா என்ன செய்யிறதெண்டு."

அவர் கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கத்தவில்லை. கையுறையால் மூக்கைத் துடைத்துவிட்டு, "சரி, இப்ப சொல்லு. ஒண்டும் விடாமச் சொல்லு" என்றார்.

சொன்னேன். ஆச்சரியம், எல்லாம் ஞாபகம் இருந்தது. புதையத் தொடங்கினால் விசையை உடனே விடு. பட்டிக்குக் கீழேயும் கால் வைக்கும் பலகைக்குக் கீழேயும் அடைந்த பனியைத் தோண்டி எடு. முன்னால் சரிவாக ஒரு பாதை மிதி. மிதித்ததும் ஏறாதே, கால் மணி நேரம் சும்மா விடு. மிதித்த பனி தானாகவே இறுகும்.

"சும்மா விடுறதோ? நேரம் போகுதே!"

"அப்படித்தான் சொன்னவர்."

"சேறெண்டா எவ்வளவு மிதிச்சாலும் இறுகாது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே அவர் சட்டியைத் தூக்கினார். சவள் இல்லையே. புட்டையும் கறியையும் மூடியில் கவிழ்த்து இருக்கையில் வைத்துவிட்டு, அக்காவின் சட்டியால் தோண்டினார். "உன்ர அக்கா இதைப் பாத்தா என்னைத்தான் இதால அடிப்பா, உன்னையில்லை." நான் முன்னால் போய்க் குந்தியும் எழும்பியும், முழங்காலால் அமத்தியும் சரிவை மிதித்தேன். வேர்த்தது. மேலங்கியைக் கழற்றினால் குளிர்ந்தது.

இரண்டு மணி பத்துக்கு முடித்தோம். பிறகு அந்தக் கால் மணி நேரம். கையில் வேலையில்லாமல் நின்றபடி, ஓரம் உறையத் தொடங்கிய கோழிக்கறியைப் புட்டோடு தின்றோம். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் பார்க்காததுபோல நின்றேன். எட்டு நிமிடத்தில் "காணும்" என்றார். "இன்னும் ஏழு" என்றேன். இந்த முறை ஒரு சொல்லையும் குறைப்பதாக இல்லை.

பிறகு கயிறு. கைப்பிடியிலோ முன் தகட்டிலோ கட்டினால் பிய்ந்து வரும் என்பதும் அந்தப் பத்து நிமிடத்தில் இருந்தது. வண்டியின் முன்னால் சறுக்கும் இரண்டு ஸ்கீப் பலகைகளின் தண்டுகளையும் சேர்த்து வளைத்துக் கட்டி, மற்ற முனையைப் பேர்ச் மரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, அத்தான் தொங்கி இறுக்கினார். இயந்திரம் நின்றிருந்தது.

"இப்ப மரத்துப் பக்கம் இழுக்கிறேல்ல. நடுவில பிடிச்சுக் குறுக்கால இழுக்கணும்."

"குறுக்காலயா? உனக்கு விசரா?"

"ஒருக்கா இழுங்களன்!"

அவர் ஊர்ச் சங்கத்துக் கயிறிழுத்தல் அணியில் கடைசி ஆளாக நின்று இழுத்தவர். குதிகாலை ஊன்றிச் சாய்ந்தார். "பிடி... இழு!" என்று அவருடைய வாய் பழக்கத்தில் கத்தியது. காட்டில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். வண்டி முனகியது. ஒரு சாண் முன்னால் வந்தது.

அத்தான் கயிற்றைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அட, வருதுகா!"

தளர்ந்த கயிற்றை மரத்தடியில் மறுபடி இறுக்கினோம். மறுபடி ஒரு சாண். ஆறோ ஏழோ தரம். பட்டியின் முன்பாதி மிதித்த சரிவில் ஏறி உட்கார்ந்தது. குதித்துப் பார்த்தேன். சரிவு பலகைபோல இருந்தது. கயிற்றைக் கழற்றினோம்.

"நான் பாரம் கூட. நீ எடு" என்றார். நான் இயக்கினேன். பெருவிரலால் விசையை, முட்டையைத் தொடுவதுபோல, மெல்ல அமத்தினேன். அவர் பக்கத்தில் நின்று தள்ளினார். வண்டி நகர்ந்தது, ஏறியது, ஓடியது.

"நிப்பாட்டாத! என்னைப் பாக்காத! போ, போ!"

போனேன். இறுகின பாதையில் ஏறும்வரை மூச்சே விடவில்லை. திரும்பிப் பார்த்தபோது அத்தான் கயிற்றைத் தோளில் சுற்றி, சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, என் தடத்தில் தள்ளாடித் தள்ளாடி வந்துகொண்டிருந்தார். சிரித்துக்கொண்டு வந்தார். எனக்கு அழுகை வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. இரண்டும் சேர்ந்து மூக்கால் வழிந்தது.

மூன்று மணி ஐந்துக்குக் கார் கிளம்பியது. நெடுஞ்சாலையில் நான்தான் ஓட்டினேன். டோர்வலில் அவர் காருக்குள்ளேயே வேலைச் சட்டையை மாற்றிக்கொண்டு இறங்கியபோது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. கதவுக்குள் அவர் முதுகு மறைந்த பின்னும் நான் காரை எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற பேருந்துச் சாரதி என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் வெகுநாள் பழகியவரைப்போலக் கையசைத்தேன். அன்றைக்கு யார் கையசைத்தாலும் அசைத்திருப்பேன்.

ஒன்பது நாள் கழித்து, நிரந்தரமாக எடுத்துவிட்டார்கள் என்று சொல்ல அத்தான் வேலையிடத்திலிருந்து வீட்டுக்குப் போன் எடுத்தார். அக்காவிடம் சொன்னபின் போனை எனக்குத் தரச் சொன்னார்.

"புள்ள, செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. முழு நாளும். அந்த மனுசனிட்டக் கேட்டிட்டன், ஓமாம்."

"என்னத்துக்கு அத்தான்?"

"கயிறில்லாம எடுக்கேலுமோ எண்டு பாக்கணும். நீ என்ன நினைக்கிறாய்?"

நான் ஏற்கெனவே ஒரு தாளில் வரைந்து வைத்திருந்தேன். குடிசை வாசலிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், வண்டியை நாங்களே வேண்டுமென்று புதைப்பது. முதல் தரம் சவளும் காலும் மட்டும். இரண்டாம் தரம் ஸ்கீகளைப் பள்ளத்துப் பக்கம் திருப்பி, ஒருபக்கமாகச் சரித்துப் பார்ப்பது. மூன்றாம் தரம் மட்டும் கயிறு, அதில் இரண்டு கப்பி பூட்டி, நான் தனியே, அத்தான் கை வைக்காமல்.