தறிக்காரர் பேச்சில் ஒரு பாட்டு

மே மாதப் பிற்பகல்களில் எங்கள் ஆலயத்துக்குள் வெயிலும் தறிச்சத்தமும் சேர்ந்தே வரும். சங்கரன்கோவிலில் ஆலயத்துக்குப் பின்தெரு முழுக்க விசைத்தறி. ஜெபம், பாட்டு, கமிட்டிச் சண்டை எல்லாம் அந்தத் தாளத்துக்குள்தான். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தால் சத்தம் கரைந்துபோய், தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

ஓய்வு பெற்ற மறு வருடம், விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு என்னைக் கண்காணிப்பாளராகப் போட்டார்கள். வருவாய்த் துறையில் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் பிள்ளைகளையும் மேய்த்துவிடுவான் என்று போதகருக்கு ஒரு விசுவாசம். பிள்ளைகள் அடங்கினார்கள். அடங்காதவர்கள் ஊழியத்துக்கு வந்த வாலிபர்கள்தான்.

பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற பெண்ணும் கீபோர்டு வாசிக்கிற பையனும் பின்தெரு வீட்டுப் பிள்ளைகள். தறி ஓடும்போது கத்திப் புண்ணியமில்லை என்பதால், அந்த வீடுகளில் உதட்டை அசைத்தே பேசிக்கொள்வார்கள். நான் ஒழுங்குமுறைகளை விளக்கும்போது இந்த இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்று, சத்தமே இல்லாமல் என்னை அலசி முடித்துவிடுவார்கள்.

நிறைவு நாளுக்கு முந்தின நாள் அவள் தொண்டை அடைத்துவிட்டது. பத்து நாளாகப் பிள்ளைகளுக்கு மேலே கத்தியதன் பலன்.

“ஏட்டி, என்னாச்சு?” என்றேன். வாயைத் திறந்தாள். காற்று வந்தது.

“சுத்தமா போச்சு சார். ஆஸ்பத்திரில பேசவே கூடாதுன்னுட்டாங்க” என்றான் கீபோர்டுக்காரன்.

மறுநாள் பெற்றோர் முன்னால் நிறைவுப் பாட்டை அவள்தான் நடத்த வேண்டும். திங்கட்கிழமை ஓசூரில் வேலைக்குச் சேர்கிறாள். இனி மே மாதம் அவளுக்கு விடுமுறை கிடையாது. அவளுக்கு இதுதான் கடைசிப் பாட்டு.

“பென் டிரைவ்ல பாட்டைப் போட்டுருவோம். நடத்துதவங்களுக்கு முடியலேன்னா மாற்று ஏற்பாடு. அதான் முறை” என்றேன்.

அவள் உதடு வெகுநேரம் அசைந்தது.

“என்னலே சொல்லுதா?”

“எந்த ரூல்ல இருக்குன்னு கேக்கா சார்.”

“இவ்வளவு நேரம் பேசினாளே, அவ்வளவுதானா?”

“மிச்சத்தச் சொன்னா என்னையும் மாத்தி பென் டிரைவப் போட்டுருவீங்க.”

அவள் சிரிக்கவில்லை. கண் நிறைந்திருந்தது. என் மேசைக்கு எத்தனையோ மனுக்கள் வந்ததுண்டு. வாயே திறக்காமல் வந்து நின்ற மனு இது ஒன்றுதான்.

“சரி, ஒரு தடவ நடத்திக் காட்டச் சொல்லு. சரிப்படலேன்னா பென் டிரைவ்தான்.”

அவள் பலிபீடப் படியில் ஏறி உதட்டால் முதல் அடியைச் சொன்னாள். தறித்தெருப் பிள்ளைகள் பாடினார்கள். மற்றவர்கள் முழித்தார்கள். பாட்டு கிழிந்த துணிபோல் தொங்கியது. நான் பென் டிரைவைத் தேட ஆரம்பித்தேன்.

அவள் இறங்கி வந்தாள். மொத்தமாக உட்கார்ந்திருந்த தறித்தெருப் பிள்ளைகளைப் பிரித்து, வரிசைக்கு இரண்டு பேராக உட்காரவைத்தாள். மறுபடி படியேறினாள். இந்த முறை ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு குரல் எழ, பக்கத்துப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பிள்ளைகள் அதே வரிசைப்படி பலிபீடப் படிகளில் பெற்றோரைப் பார்த்து நிற்க, அவள் கீழே பிள்ளைகளைப் பார்த்து நின்றாள். பெற்றோர் பார்த்ததெல்லாம் அவள் முதுகைத்தான். பிள்ளைகளுக்குப் பின்னால் நின்ற எனக்குத்தான் அவள் முகம் கிடைத்தது. ஜன்னல் கண்ணாடியின் நீலம் அவள் கன்னத்தில் அசைந்தது. சத்தமில்லாத அந்த வாயிலிருந்து ஒரு சொல் புறப்பட்டு, காற்றில் எங்கோ உடம்பெடுத்து, நூறு குரலாகத் திரும்பி வந்தது. பின்தெருத் தறிகள் அடியில் ஓடிக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாள். கீபோர்டுக்காரன் உள்ளே வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அர்த்தம் சொல்ல ஆளில்லை. உதட்டைக் கவனித்தேன். அது ஒட்டவில்லை. ‘போறேன்’ என்றால் முதலில் உதடு ஒட்டிப் பிரிய வேண்டும்.

வாரேன் என்கிறாள்.

நானும் சத்தமில்லாமல், “வா” என்றேன்.