புளி போட்டு மினுக்கின ஜனாதிபதி வேட்பாளர்

பழைய அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல்களில ஆக்கள் சட்டையில குத்தின தகர பட்ஜுகளைச் சேர்க்கிறனான்.

அதில ஆக அருமையானது, தோத்த ஒருத்தற்ர படம் போட்டது. தோத்தவையின்ர பட்ஜை அடுத்த நாளே எறிஞ்சிடுவினம். கிடைக்கிறது கஷ்டம்.

இண்டைக்குச் சிநேகிதருக்குக் காட்ட எண்டு மேசையில வைச்சிட்டு வேலைக்குப் போனன். வந்து பாத்தா, சாமி விளக்குகளுக்குப் பக்கத்தில பளபளவெண்டு கிடக்குது. படத்தைக் காணேல்லை.

"நாலு பேர் பாக்கிற சாமானைக் கறளோட கொண்டு போவியளே? விளக்கோட சேர்த்துப் புளி போட்டு உரஞ்சினனான்" எண்டு மனிசி சொன்னா.

அந்தக் கறள், அந்தத் துருதான் அது பழசு எண்டதுக்கு அத்தாட்சி; அதுக்காகத்தான் ஆசைப்பட்டு வாங்கினது.

"நல்லா மினுங்குது" எண்டு மட்டும் சொன்னன்.

தேர்தலில தோத்தும் இவ்வளவு காலம் தப்பியிருந்த மனுசன், கடல் தாண்டி வந்து, பிளேஸ்டோவில எங்கட வீட்டுக் குசினியில முடிஞ்சு போனார்.

உங்கட வீட்டில ஆரை மினுக்கினவை?