வலிக்காத புண்

என் கன்னத்தில் வந்த புண் வலிக்கவில்லை, மாதக்கணக்கில் ஆறவுமில்லை. குஷ்டம் என்று எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் பேச்சு. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்வி என்னைக் கண்டாலே விலகிப் போவாள்.

கேகாலை ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்: "அனுராதபுரம் பக்கம் போனனீங்களோ?"

"இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததைத் தவிர, எங்க டவுன் ருவான்வெல்லையைத் தாண்டி எங்கயும் போகலைங்க."

அவர் நம்பாமல் பார்த்தார். புண்ணைச் சுரண்டிச் சோதித்த பிறகு சொன்னார்: "குஷ்டமில்லை. மணல் ஈ கடிச்சு வாற ஒட்டுண்ணி நோய். அனுராதபுரம் பக்கம்தான் இது கூடுதல். இப்ப இங்கயும் வந்திட்டுது போல. ஆளுக்கு ஆள் தொத்தாது, ஊசி போட்டா மாறும்."

லயத்தில் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

அடுத்த ஊசிக்குப் புறப்பட்டபோது வாசலில் செல்வி நின்றாள். சட்டைக் கையைச் சுருட்டி, அதே மாதிரிப் புண்ணைக் காட்டினாள்.

"என்னையும் கூட்டிட்டுப் போறீங்களாக்கா?" என்று என் கையைப் பிடிக்க வந்தாள்.

தொத்தாது என்று தெரிந்தும் என் கை பின்னால் போனது. அதன்பிறகு லயத்து ஆட்களை நான் குறை சொல்வதில்லை.