பதினெட்டுப் பச்சை உறைகள்

ஷார்ஜாவிலிருந்து பம்பாய்க்குப் போகும் விமானத்தில் பீரான் இருந்தால், சுற்றியிருக்கிற நாலு வரிசைக்கும் பேனா தேவைப்படாது. பணிப்பெண் குடியேற்றச் சீட்டுகளைக் கொடுத்துவிட்டு நகர்ந்ததும் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பாஸ்போர்ட்டுகள் கைமாறி அவர் மடியில் வந்து குவியும். கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல அவருக்குத் தெரியாது. பத்தாவது வரை படித்தவர்; ஷார்ஜாவில் ஒரு காபிடேரியாவில் பத்தொன்பது வருஷமாகப் புரோட்டா போடுகிறவர். ஆனால் சொந்த ஊரான செம்மாட்டில் யாரும் அவரைப் புரோட்டா பீரான் என்று சொல்வதில்லை. ஃபாரம் பீரான் என்றுதான் சொல்வார்கள்.

"ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்குறீங்க. எனக்கு எழுதுற கடுதாசி மட்டும் நாலு வரி" என்று அவர் மனைவி இய்யாச்சு போனில் சண்டை பிடிப்பாள். அதில் நியாயம் இல்லாமலில்லை.

இந்தத் தடவை பீரான் வந்தது இளைய மகள் மைமூனத்தின் நிக்காஹுக்கு. பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "என் மகளை உனக்கு நிக்காஹ் செய்து தந்தேன்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். மூத்தவள் ஸஃபியாவுக்கு அதைச் சொல்லும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவில்லை. அன்று முதலாளி பாஸ்போர்ட்டைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, "அடுத்த மாதம் போ" என்றுவிட்டார். தம்பி குஞ்ஞாலன்தான் அண்ணன் இடத்தில் உட்கார்ந்து கை கொடுத்தான். பீரான் போனைக் காதில் அழுத்திக்கொண்டு சமையல்கட்டில் நின்று அழுதார். இந்தத் தடவையும் குஞ்ஞாலன், "லீவு கிடைக்கலேன்னா என்கிட்ட பொறுப்பைக் கொடுத்துடு, நான் பாத்துக்கறேன்" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். பீரானுக்குச் சுருக்கென்று குத்தியது. "என் கை இன்னும் இருக்குடா" என்று போனை வைத்துவிட்டார்.

நிக்காஹ் லுஹர் என்கிற நண்பகல் தொழுகைக்குப் பிறகு. விமானம் விடிகாலையில் பம்பாயில் இறங்கும். அங்கேயே பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, பெட்டியை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, பஸ் ஏறி உள்நாட்டு நிலையத்துக்குப் போய், ஒன்பதரை மணி விமானத்தைப் பிடித்தால் பதினொன்றேகாலுக்குக் கோழிக்கோட்டு விமான நிலையமான கரிப்பூர். அதை விட்டால் மறுநாள்தான்.

அன்று அவர் மடியில் பதினேழு பாஸ்போர்ட். எல்லாருக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது ஒரே டிராவல்ஸ் என்பதால், அவர்கள் இனாமாகத் தந்த பச்சை உறைக்குள்தான் அத்தனையும் இருந்தன. பதினேழையும் எழுதி முடித்துவிட்டு, தன்னுடையதையும் எடுத்து எழுதினார். அது பதினெட்டாவது. அதற்குள் விமானம் தரையைத் தொட்டுவிட்டது. எல்லாரும் எழுந்து நின்று, "இக்கா, என்னோடது! இக்கா, என்னோடது!" என்று கை நீட்டினார்கள். பீரான் அவசர அவசரமாகக் கொடுத்தார். மிஞ்சிய ஒன்றைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார்.

முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று கவுன்டருக்கு வந்தபோது, அதிகாரி போட்டோவையும் பீரானுடைய வழுக்கைத் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சாச்சா, போட்டோவுல தலை நிறைய முடி. எல்லாத்தையும் விமானத்துலயே விட்டுட்டு இறங்கிட்டீங்களா?"

பீரான் எட்டிப் பார்த்தார். போட்டோவில் இருந்தவன் வடகரைக்காரன் கோயாமு. மேஸ்திரி வேலை செய்கிறவன். அவனுக்குத்தான் பதினேழாவதாக எழுதினார்.

"சாப், மாறிப்போச்சு. என்னோடது இவன்கிட்ட இருக்கும்" என்று தெரிந்த இந்தியில் திக்கித் திணறினார்.

"அப்ப அவனைக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க" என்று அதிகாரி பச்சை உறையைத் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்தக் கூடத்தில் மூன்று விமானத்துக் கூட்டம் நின்றது. கோயாமு எந்த வரிசையில் இருக்கிறான்? மணி ஏழு. பீரான் வரிசை வரிசையாக ஓடி முகம் முகமாகப் பார்த்தார். தன் மடத்தனத்தை நினைத்துத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. பத்தொன்பது வருஷமாக ஊரான் பெயரை எழுதி எழுதித் தன் பெயரைத் தொலைத்தாகிவிட்டது.

"என்ன இக்கா, பறிகொடுத்தவர் மாதிரி ஓடுறீங்க?" என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். பீரான் சொன்னார்.

"படச்சவனே! எங்க எல்லாருக்கும் சரியா எழுதிட்டு, உங்களோடதைக் கோட்டை விட்டுட்டீங்களா?" என்று அவன் சிரித்தான். சிரித்த வாயோடு திரும்பி, "டேய், வடகரை கோயாமுவைப் பாத்தீங்களா?" என்று கத்தினான். அந்த வரிசை அடுத்த வரிசையைக் கேட்டது. அது அதற்கடுத்ததை. பீரான் கையால் எழுதிய சீட்டு வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு வரிசையிலும் இருந்தார்கள். ஒரு நிமிஷத்தில் கூடம் முழுக்க, "கோயாமுவே! கோயாமுவே!" என்று சத்தம். காவலர் ஒருவர் தடியோடு வந்து, "இங்க என்ன சந்தையா?" என்று அதட்டினார்.

கூப்பிட்டதற்குப் பதில் பின்னாலிருந்து வந்தது. கூடத்துக்குள் நுழைகிற வாசலருகே, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான் கோயாமு.

"இறங்கினதுமே உறையைத் திறந்து பாத்துட்டேன் இக்கா, உள்ள உங்க போட்டோ. ரெண்டு பேரும் தேடினா ஆயுசுக்கும் சந்திக்க முடியாது. ஃபாரம் பீரான் வருவார்னு உக்காந்துட்டேன்."

"ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதாடா, கழுதை?"

"எனக்கு என்ன அவசரம்? எனக்கு நாளைக்குத்தானே ரயில்."

பீரானுக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, கட்டிப்பிடிக்கவும் தோன்றியது. அதற்கெல்லாம் நேரமில்லை. "மகளோட நிக்காஹ்டா, இன்னைக்கு" என்று மட்டும் சொன்னார். கோயாமு துள்ளி எழுந்தான். வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. "வழி விடுங்கடா, பொண்ணோட வாப்பா போறாரு" என்று இருவரையும் முன்னால் தள்ளிவிட்டார்கள். அதிகாரி இரண்டு முத்திரையையும் குத்திவிட்டு, "அடுத்த தடவை உங்களோடதை முதல்ல எழுதுங்க சாச்சா" என்றார்.

பெல்ட்டில் அவருடைய அட்டைப்பெட்டி தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அறைத் தோழர்கள் இரண்டு நாளாக வரிந்து கட்டிய நீலக் கயிறு. நாலு பக்கமும் பெரிய எழுத்தில் பெயரும் விலாசமும். அதன்மேல் யாரோ சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டால் பிரித்துக் காட்டித்தான் ஆகவேண்டும். சுங்கக்காரர் கத்தியால் கயிற்றை அறுத்தார். பால் பொடி, கம்பளி, அத்தர், டார்ச் லைட், இய்யாச்சுவுக்குச் செருப்பு. எல்லாவற்றையும் கிளறிவிட்டு, "சரி, போகலாம்" என்றார். மணி எட்டே முக்கால்.

வாய் பிளந்து கிடக்கும் பெட்டியை உள்நாட்டுக் கவுன்டரில் வாங்கமாட்டார்கள். கட்ட உட்கார்ந்தால் பஸ் போய்விடும். வெளியே ஒரு பெண், "கோழிக்கோடு விமானம், கோழிக்கோடு விமானம், உள்நாட்டு நிலையத்துக்குக் கடைசி பஸ்" என்று கூவிக்கொண்டிருந்தாள். கடைசி லீவுக்குப் பிறகான நாலு வருஷத்து வாழ்க்கை அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பீரான் ஒரு கணம்தான் நின்றார்.

"நீங்க போங்க இக்கா. நான் கட்டி ரயில்ல கொண்டாறேன். உங்க வீட்டு விலாசந்தான் நாலு பக்கமும் இருக்கே" என்றான் கோயாமு.

பீரான் பெட்டிக்குள் கைவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய மைமூனத்தின் கல்யாணப் புடவையை மட்டும் உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஓட முடியும் என்று அவருக்கே தெரியாது.

கரிப்பூரிலிருந்து வந்த டாக்சி செம்மாட்டுப் பள்ளிவாசலில் நின்றபோது லுஹர் முடிந்திருந்தது. புடவையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, முகம் கை கால் கழுவி உள்ளே போனார். அவர் இடத்தில் குஞ்ஞாலன் உட்கார்ந்திருந்தான். அண்ணனைப் பார்த்ததும் எழுந்தான்.

"வந்துட்டியா! நான் சும்மா இடம் பிடிச்சு வச்சிருந்தேன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

பீரான் உட்கார்ந்தார். மாப்பிள்ளை முனீரின் கையைப் பிடித்தார். பத்தொன்பது வருஷம் மாவு பிசைந்த கை. காஜி சொல்லச் சொல்ல, "என் மகள் மைமூனத்தை" என்று ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டார். பள்ளிவாசலே காத்திருந்தது. திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தார்.

பிறகு நிக்காஹ் பதிவேடு வந்தது. "ஃபாரமா? பீரான் எழுதட்டும்!" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பீரான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பெண்ணின் தகப்பன் பெயர் என்ற இடத்தில் வைத்தார். கண்ணில் நீர் முட்டி, கோடே தெரியவில்லை.

பேனாவை முனீரிடம் நீட்டினார். "நீ எழுதுடா மோனே. நான் சொல்றேன்."

அவர் சொன்னார், அவன் எழுதினான்: பெயர், வாப்பாவின் பெயர், வீட்டுப் பெயர், ஊர். எழுதி முடித்ததும் பீரான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழக்கம்போல ஒரு தடவை சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டார்.