கமலாத்தாளின் இறங்காத எடை

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் கமலாத்தாளைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் அவளுக்கு அறிவுரை சொல்லாதவர் ஒருவரும் இல்லை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்றார்கள். நாலு மாதம் கொள்ளு ரசமாகவே குடித்தாள். பழமொழி சொன்ன புண்ணியவான் கமலாத்தாளைப் பார்த்ததில்லை போலும். முதல் மாதம் மூன்று கிலோ இறங்கியது. பிறகு எவ்வளவு குறைத்துத் தின்றாலும் எடை மெஷின் முள் அசையவில்லை. பசி பொறுக்காமல் நாலு நாள் வழக்கம்போலச் சாப்பிட்டாள். போன மூன்று கிலோ, கூடவே இன்னொரு கிலோவையும் அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. இது அவளுக்கு ஏழாவது முறை.

எடையைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். கணவர் செங்கோட்டையன் அவளை நம்பாததுதான் பொறுக்கவில்லை.

"யாருக்கும் தெரியாமத் தின்னாம இந்த ஒடம்பு எப்படி வரும், புள்ள?" என்று கேட்டதோடு விடாமல், சமையலறை அலமாரிக் கதவில் காளையின் கழுத்துமணியைக் கட்டினார். இருபத்தாறு வருஷம் ஆக்கிப்போட்டவளைத் திருடியாக்கிவிட்டாரே என்று அவளுக்கு ஆறவேயில்லை. பத்து நாளில் மணி மூன்று தடவை அடித்தது. மூன்று தடவையும் முறுக்குக்குப் போனவர் அவரேதான்.

பதினோராம் நாள் மாடுகளைப் பார்க்க டாக்டர் ஜோமோன் வந்தார். கட்டுத்தறியில் செவலைப் பசு கொழுகொழுவென்று நின்றது. பக்கத்தில் கறுப்பிக்கு விலா எலும்பு தெரிந்தது.

"செவலைக்குத் தீனி கூடிப்போச்சு, செங்கோட்டையா. கொறைக்கணும்," என்றார் டாக்டர்.

செங்கோட்டையனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க டாக்டர், ரெண்டுக்கும் ஒரே அளவுதானுங்க போடறேன். போன கோடையில கொறைச்சும் பாத்தனுங்க. பாலுதான் கொறைஞ்சுது, ஒடம்பு அப்படியே நின்னுச்சு. அதோட வாகு அப்படிங்க. வாயில்லாச் சீவன் மேல பழி போடாதீங்க!"

மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற கமலாத்தாள் கயிற்றை அவர் கையில் திணித்தாள்.

"வாயில்லாததுக்கு இத்தன பரிஞ்சு பேசறீங்க. எனக்கு வாயிருக்குதுங்க. நாலு மாசமாச் சொல்றேன், நம்புனீங்களா?"

டாக்டர் அவசரமாகச் செவலையின் காதைப் பரிசோதித்தார். செங்கோட்டையன் கயிற்றைக் கட்டுத்தறியில் கட்டினார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "மனுசங்களுக்கும் இப்படி இருக்குமுங்களா?" என்று கேட்டார்.

"இருக்கும். தைராய்டா இருக்கலாம், தின்ற மாத்திரையா இருக்கலாம், அப்பன் அம்மாகிட்டருந்து வந்ததா இருக்கலாம். பட்டினி போட்டா ஒடம்பு செலவைச் சுருக்கிக்கும். அவங்களைக் கூட்டிட்டுப் போய் ரத்தம் பரிசோதிக்கணும்."

மறுவாரம் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் கமலாத்தாளை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஏதாவது கொறிப்பதுண்டா என்று கேட்டார். ஊரெல்லாம் கேட்ட அதே கேள்வி. கமலாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்லீங்க," என்று செங்கோட்டையன் எழுந்தே நின்றுவிட்டார். "அவ சொல்றது நெசமுங்க. அலமாரியில மணி கட்டிப் பாத்தவன் நானுங்க. திருடித் தின்னதும் நானுங்க."